குளத்து அலையும் கடல் அலையும்

கலிஃபோர்னியாவுல லெமூர்னு ஒரு ஊர். சுத்தி வயக்காடு, கடலே பக்கத்துல கிடையாது. அங்கதான் கெல்லி ஸ்லேட்டர் 2015-ல தன்னோட செயற்கை அலையை உலகத்துக்குக் காட்டினார். நீளமான குளம். ஓரமா தண்டவாளத்துல ஓடுற வண்டி, தண்ணிக்குள்ள இறக்கை மாதிரி ஒரு தகடை இழுத்துட்டுப் போகும். அவ்ளோதான், அலை ரெடி! தண்ணி அடங்க சில நிமிஷம், அப்புறம் அச்சு அசலா அதே அலை.

2018-ல அங்க உலக லீக் போட்டி நடந்துச்சு. ஜெயிச்சவர் பிரேசிலோட காப்ரியேல் மெதினா. வீடியோ பார்த்தேன். முதல் பத்து அலைக்கு வாயப் பொளந்தேன், அப்புறம் கொட்டாவிதான் வந்துச்சு.

அதே மெதினா 2024 ஒலிம்பிக்ஸ் அரையிறுதியில, தஹிட்டி கடல்ல, ஒரே ஒரு அலைதான் பிடிச்சார். ரெண்டாவதுக்குக் காத்துக்கிட்டே இருந்தார். கடல் தரலை. தோத்துட்டார்.

இது அநியாயம், குளத்துலன்னா எல்லாருக்கும் சம வாய்ப்புன்னு சிலர் சொல்றாங்க. நியாயம்தான். புதுசா கத்துக்கிறவங்களுக்கும் குளம் நல்லதுதான். ஆனா எந்த அலையை விடணும், நீரோட்டம் எங்க இழுக்கும்னு குளம் சொல்லித் தராது. அதை நம்பி நேரா கடல்ல இறங்கினா ஆபத்து.

நான் கடல் கட்சி. நீங்க எப்படி மக்களே?