32 சேனலும் வேலை செய்யுது

பழைய கார், பழைய ஃப்ரிட்ஜ் எல்லாத்துக்கும் குத்துமதிப்பா ஒரு விலை சொல்லிடலாம். பழைய அனலாக் மிக்ஸருக்கு மட்டும் அது நடக்காது. ஒண்ணு 18 லட்சம் டாலருக்குப் போகும். இன்னொண்ணு சும்மா குடுத்தாலும் தூக்கிட்டுப் போக ஆள் வராது. போன மாசம் இதுல ரெண்டாவது ரகம் ஒண்ணை வித்துக் குடுத்தேன். அந்த அனுபவம்தான் இந்தப் பதிவு.

நான் இருக்கிறது மில்லிக்கன்ல, ஸ்டீல்ஸ் அவென்யூவுக்கு இந்தப் பக்கம், ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பத்தோட பேஸ்மென்ட்ல. ரோட்டைத் தாண்டினா டொராண்டோ முடிஞ்சு மார்க்கம் வந்துடும், பசிபிக் மால் எல்லாம் அந்தப் பக்கம். வீட்டுக்கார அங்கிள் வருஷக்கணக்கா சவுண்ட் சிஸ்டம் வாடகைக்கு விட்டவர். அரங்கேற்றம், சாமத்திய வீடு, கோயில் திருவிழா, எதையும் விட்டதில்லை. எங்க விருதுநகர் பக்கம் மைக்செட்காரர்னு சொல்வோமே, அதேதான். இப்ப முதுகு ஒத்துழைக்கலை. கராஜ்ல ஒரு 32 சேனல் மிக்ஸர், பெரிய பெட்டிக்குள்ள. நான் சிக்னல் ப்ராசஸிங்ல மாஸ்டர்ஸ் பண்றேன்ல, "தம்பிக்கு உதெல்லாம் விளங்கும்தானே"ன்னு விக்கிற பொறுப்பு என் தலைல விழுந்துடுச்சு :-)

"2004ல வாங்கேக்க 4500 டொலர் குடுத்தனான். ஆயிரமாவது வராதோ?" இதுதான் அங்கிள் கேட்ட முதல் கேள்வி. கிஜிஜில அதே மாதிரி மிக்ஸர்களைத் தேடிப் பார்த்தேன். 300, 250. ஒருத்தர் "வந்து எடுத்துட்டுப் போனா இலவசம்"னே போட்டிருந்தார். இதை அவர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு ரெண்டு நாள் யோசிச்சேன்.

ஏன் இப்படி ஆச்சு? 2012ல பெஹ்ரிங்கர் எக்ஸ்32ன்னு ஒரு டிஜிட்டல் மிக்ஸரை அறிமுகப்படுத்தினாங்க. சுமார் 3000 அமெரிக்க டாலர், எடை 20 கிலோ சொச்சம். கம்ப்ரஸர், எஃபெக்ட்ஸ், எக்கோ எல்லாம் உள்ளேயே இருக்கு. அதுக்கு முன்னாடி இதுக்கெல்லாம் தனி ரேக் தூக்கிட்டுப் போகணும். மேடையிலேர்ந்து விரல் தடிமனுக்கு மல்டிகோர் கேபிள் இழுக்கணும். இப்ப ஒரே ஒரு நெட்வொர்க் கேபிள் போதும். காலையில நாட்டியத்துக்கு வச்ச செட்டிங்கை சேமிச்சுட்டு, சாயங்காலம் மெல்லிசைக்கு வேற செட்டிங்கை ஒரு பட்டன்ல கூப்பிடலாம். அனலாக்ல அத்தனை குமிழையும் கையால திருப்பணும். வாடகைக்கு விடறவர் எதை வாங்குவார்?

அப்ப அந்த 18 லட்சம் டாலர்? அது லண்டன் அபே ரோடு ஸ்டுடியோல இருந்த இ.எம்.ஐ. டிஜி12345 கன்சோல். பிங்க் ஃப்ளாய்டோட 'த டார்க் சைட் ஆஃப் த மூன்' (1973) அதுல பதிவானது. 2017 மார்ச்ல நியூயார்க்ல போனம்ஸ் ஏலத்துல போச்சு. அதே மாதிரி கலிபோர்னியால சவுண்ட் சிட்டி ஸ்டுடியோ 2011ல மூடினப்ப, அங்க இருந்த நீவ் 8028 கன்சோலை டேவ் க்ரோல் வாங்கித் தன் சொந்த ஸ்டுடியோல வச்சுக்கிட்டார். அதைப் பத்தி 2013ல ஒரு ஆவணப்படமே எடுத்தார்.

இதெல்லாம் பேர் பெத்த பாட்டாலதான்னு நினைச்சா, அது பாதிதான் சரி. நம்ம ஸ்கார்பரோலேயே வார்ட்-பெக்னு ஒரு கம்பெனி ஒலிபரப்பு நிலையங்களுக்கு கன்சோல் செஞ்சுது. சிபிசி நிறைய வாங்கியிருக்கு. நிலையங்கள் டிஜிட்டலுக்கு மாறினதும் அந்தக் கன்சோல்கள் வெளியே வந்துது. அதுல ஒவ்வொரு சேனலும் தனி மாட்யூல், உருவி எடுக்கலாம். ரெண்டு மாட்யூலை எடுத்து ஒரு பெட்டியில போட்டு பவர் குடுத்தா, கம்ப்யூட்டர்ல பதிவு பண்றவங்களுக்கு அருமையான மைக் ப்ரீஆம்ப். முழுசா வாங்க இடமில்லாதவங்ககூட ரெண்டு சேனல் வாங்குவாங்க. ஸ்டுடியோக்காரங்க தேடறது அந்த ட்ரான்ஸ்ஃபார்மர் சேர்க்கிற லேசான நிறத்தை. மேடை மிக்ஸர் அதுக்கு நேரெதிர். நிறமே சேர்க்காம, உள்ளதை உள்ளபடி குடுக்கிறதுதான் அதோட நல்ல குணம். அந்த குணத்தை இன்னிக்கு மலிவான டிஜிட்டல் பெட்டியே குடுத்துடுது. வேலையை ஒழுங்கா செஞ்சதே அதோட விலையைக் குறைச்சுடுச்சு!

இதை அங்கிள்கிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "அப்ப உதால இனி ஒருத்தருக்கும் பிரயோசனம் இல்லையோ?"ன்னார். காசு குறையறதைவிட அதுதான் அவருக்கு உறுத்துதுன்னு அப்பதான் புரிஞ்சுது.

சரி, இருக்குன்னு காட்டிடுவோம்னு ரெண்டு பேரும் ஒரு சனிக்கிழமை உக்காந்தோம். ஒரு மைக்கை வச்சு 1லேர்ந்து 32 வரைக்கும் ஒவ்வொரு சேனலா பேசிப் பார்த்தோம். மூணு ஃபேடர் கரகரன்னுது, தூசுதான். கான்டாக்ட் க்ளீனர் அடிச்சதும் சரியாச்சு. பவர் சப்ளைல ஹம் இல்லை. இந்த வயசு மிக்ஸர்ல கெபாசிட்டர் காய ஆரம்பிக்கும், அதான் முதல்ல கவனிக்கணும். விளம்பரத்துல "பழசு, நல்ல நிலை"ன்னு ஒத்தை வரி போடாம, எதைச் சோதிச்சோம், எதைச் சுத்தம் பண்ணோம்னு வரிசையா எழுதினேன். பின்பக்கத்தையும் படம் எடுத்தேன். விலை 400.

பன்னிரண்டு நாள் ஒண்ணும் இல்லை. ஒருத்தர் 100க்குக் கேட்டார். அப்புறம் ஒரு ஆசிரியர் வந்தார், பள்ளிக்கூடப் பசங்களுக்கு சவுண்ட் கத்துக்குடுக்க. திரையில மெனு மெனுவா போய்த் தேடினா பசங்களுக்குப் புரியறதில்லையாம். இதுல ஒரு குமிழுக்கு ஒரு வேலை, சத்தம் எந்த வழியா போகுதுன்னு கையால தொட்டுப் பார்க்கலாம். அங்கிள் அவருக்கு ஒண்ணரை மணி நேரம் கராஜ்லயே பாடம் எடுத்தார். 350க்கு முடிஞ்சுது. வண்டியில ஏத்தினப்புறம், "ஏதும் பிரச்சினை எண்டா என்னைக் கூப்பிடுங்கோ"ன்னு தன் நம்பரையும் எழுதிக் குடுத்தார். போன வாரம் அவங்க கூப்பிட்டும் விட்டாங்க, இவரும் போயிட்டு வந்தார், முதுகுவலியோட.

அந்த மல்டிகோர் கேபிள் மட்டும் இன்னும் கராஜ்ல சுருண்டு கிடக்கு. மில்லிக்கன், மார்க்கம் பக்கம் யாருக்காவது வேணும்னா சொல்லுங்க. விலை பேசலாம். பார்க்க வர்றப்ப ஒரு அரை மணி நேரம் கூடுதலா ஒதுக்கிட்டு வாங்க, அங்கிள் டீ குடுத்துக் கதை சொல்லாம விடமாட்டார்.