நாலாவது கட்டில்

2018 கோடையில் அம்மா எங்களோடு லண்டனில் ஆறு மாதம் இருந்தார். அதில் ஒரே ஒரு ராத்திரி அவரை வீட்டில் தனியாக விட்டுவிட்டு, நான், மனைவி, எட்டு வயது மகள் மூவரும் சிங்கத்துக்குப் பக்கத்தில் போய்ப் படுத்தோம். அம்மா ஏன் வரவில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் முட்டி வலி என்றேன். முட்டி வலி இருந்தது உண்மைதான். காரணம் அது இல்லை.

அம்மா அஞ்சாம் வகுப்பு வரை படித்தவர். பத்திரிகை கையில் கிடைத்தால் விரலை வைத்து, வாய்விட்டு, விளம்பரத்தைக்கூட விடாமல் வாசிப்பார். போனில் சொல்லிவிடலாம் என்று பலமுறை தொடங்கி, "சாப்ட்டியாம்மா" என்பதோடு முடித்திருக்கிறேன். அச்சில் வந்தால் நிச்சயம் படித்துவிடுவார். அதனால் இங்கே எழுதுகிறேன்.

எல்லாம் மகளின் ஆப்பிரிக்க ஆசையில் ஆரம்பித்தது. தென்னாப்பிரிக்காவில் க்ரூகர் தேசியப் பூங்காவை ஒட்டி சாபி சாண்ட் போன்ற தனியார் காப்பகங்கள் இருக்கின்றன. காட்டுக்கு நடுவில் விடுதி, விடிகாலையில் திறந்த ஜீப்பில் சவாரி. சின்னப் பிள்ளைகளை ஜீப்பில் ஏற்றாத விடுதிகள் உண்டு, குடும்பத்தோடு வரச்சொல்லி அழைக்கிற விடுதிகளும் உண்டு. இரண்டு வகையிலும் வாடகையைப் பார்த்துவிட்டு மடிக்கணினியை மூடினேன். அப்போதுதான் நம்ம ஊர் விலங்குக் காட்சிசாலையிலேயே ராத்தங்கலாம் என்று மனைவி கண்டுபிடித்தாள். ஹாரோவில் பத்து வருஷம் இருந்தால் லண்டனும் நம்ம ஊர் ஆகிவிடுகிறது.

லண்டன் காட்சிசாலை 1828-இல் ரீஜண்ட்ஸ் பூங்காவில் தொடங்கியது. 2016 மார்ச்சில் எலிசபெத் மகாராணி அங்கே சிங்கங்களுக்கான புதிய பகுதியைத் திறந்துவைத்தார். உள்ளே இருப்பவை ஆப்பிரிக்கச் சிங்கங்கள் அல்ல, குஜராத்தின் கிர் காட்டு இனம். அதை ஒட்டி ஒன்பது குடில்கள், பெயர் கிர் லயன் லாட்ஜ். கேட் சாத்தி, கூட்டம் கலைந்த பிறகு தங்குகிறவர்களுக்கு மட்டும் சுற்றிக் காட்டுவார்கள். இருட்டியதும் டார்ச் வெளிச்சத்தில் ஒரு நடை, காலையில் இன்னொரு நடை.

"அத்தையையும் கூட்டிட்டுப் போலாங்க. நாலு பேர் படுக்கலாம்னு போட்டிருக்கு" என்றாள் மனைவி.

நான் மூன்று காரணம் சொன்னேன். நடை அதிகம், முட்டி தாங்காது. ராத்திரி குளிரும். சாப்பாடு அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளாது. கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்த அம்மா தலையை நிமிர்த்தவில்லை. "நீங்க போய்ட்டு வாங்க சாமி. நான் ஊட்டைப் பாத்துக்கறேன்" என்றார். ஹாரோவில் எங்கள் வீட்டை யார் தூக்கிக்கொண்டு போகப்போகிறார்கள்?

உண்மைக் காரணத்துக்கு வருகிறேன். அம்மா வந்த முதல் வாரம், மகளைப் பள்ளியில் விட எங்களோடு வந்தார். சேலை, அதன்மேல் என் பழைய ஸ்வெட்டர், காலில் மனைவியின் ஓட்டப்பந்தய ஷூ. வாசலில் நின்ற ஒரு வெள்ளைக்காரத் தாயிடம் போய், உரக்கத் தமிழில், "சாப்ட்டீங்களா கண்ணு?" என்று கேட்டார். அந்தப் பெண் சிரித்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். அவளுக்குச் சங்கடம் இல்லை. அம்மாவுக்கும் இல்லை. நான்தான் இரண்டடி முன்னால் நடந்தேன், அவரோடு வராதவன் மாதிரி. அன்றிலிருந்து அம்மாவோடு வெளியே போன இடத்திலெல்லாம் அந்த இரண்டடி இருந்தது. ரயிலில் எதிர் சீட்டில் உட்கார்ந்தேன். கடையில் வேறு வரிசையில் நின்றேன். ஒன்பது குடிலில் ஒன்பது குடும்பம், ஒரே மேசையில் ராச்சாப்பாடு என்று நினைத்தபோது, அங்கே இரண்டடி முன்னால் நடக்க இடம் இருக்காது என்று தோன்றிவிட்டது. அம்மாவின் முட்டி எனக்கு அப்படித்தான் உதவிக்கு வந்தது.

அந்த இடம் எப்படி இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். சிங்கத்தைக் கூண்டில் காட்டினால் சப்பென்று இருக்கும் என்று, கிர் காட்டோரத்து சாசன் கிர் கிராமத்தையே அங்கே கட்டிவைத்திருக்கிறார்கள். ஒரு ரயில் நிலையம், ஒரு கடைத்தெரு, இடிந்த கோயில், வனக்காவலர் குடிசை. சுவரை உரிந்த மாதிரியே பார்த்துப் பார்த்துப் பூசியிருந்தார்கள். ஒரு குடும்பம் அதில் சாய்ந்து படமெடுத்துக்கொண்டது. காட்டோரக் கிராமத்தைப் போல வேஷம் போட்ட இடத்துக்கு, காட்டோரக் கிராமத்திலிருந்து வந்தவரைக் கூட்டிப்போக நான் வெட்கப்பட்டிருக்கிறேன்.

அம்மா பிறந்தது, வாழ்ந்தது எல்லாம் பவானிசாகர் பக்கம், விளாமுண்டி காட்டோரம். 2013-இல் சத்தியமங்கலம் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட காட்டின் விளிம்பு. வாழைக்கும் கரும்புக்கும் யானை இறங்கும். ஆண்கள் பரணில் காவல் கிடப்பார்கள், வெடி போடுவார்கள், காலையில் மிச்சத்தை எண்ணுவார்கள். நான் பன்னிரண்டு வயதில் விடுதிப் பள்ளிக்குப் போனவன். பரணில் ஒரு ராத்திரிகூட முழுசாக விழித்ததில்லை. ஆனால் அலுவலகத்தில் "நான் காட்டுக்குப் பக்கத்தில் வளர்ந்தவன்" என்று கதை விடுவதில் குறைவைத்ததில்லை.

அன்று ராத்திரி வழிகாட்டிப் பையன் டார்ச்சைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்: கிர் பக்கத்தில் சிங்கங்கள் தோட்டத்துத் திறந்த கிணறுகளில் விழுந்து சாகும், அதைத் தடுக்கக் கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கட்டிவருகிறார்கள். மகள் என் கையை இழுத்தாள். "அப்பா, கெணத்துல விழுந்தா எப்படி வெளிய எடுப்பாங்க?" எனக்குத் தெரியவில்லை. கயிறு கட்டி இழுப்பார்கள் என்று அடித்துவிட்டேன். பக்கத்துத் தோட்டக் கிணற்றில் யானைக்குட்டி விழுந்ததையும், ஒரு பக்கம் மண்ணைச் சரித்துப் பாதை போட்டு அதை ஏறவைத்ததையும் அம்மா நூறு தடவை சொல்லியிருக்கிறார். அப்போது நான் காது கொடுக்கவில்லை. அது அடுத்த நாள்தான் ஞாபகம் வந்தது.

பையன் இன்னொன்றும் சொன்னான். 2015 கணக்கெடுப்பில் கிர் சிங்கங்கள் 523. ஒரு காலத்தில் மேற்கு ஆசியா முழுக்க இருந்த இனம், இப்போது காட்டில் வாழ்வது குஜராத்தின் அந்த ஒரு பகுதியில் மட்டும். ஒரே இடத்தில் எல்லாம் இருந்தால் ஒரு நோய் போதும். அதற்குத்தான் இப்படி வெளியூர்களிலும் சில ஜோடிகளை வைத்து இனப்பெருக்கம் செய்கிறோம் என்றான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் சிங்கம் புரண்டு படுத்தது. வயிற்றின் அடியில் ஒரு தோல்மடிப்பு தொங்கியது. கிர் சிங்கத்துக்கு அதுதான் அடையாளமாம். பிள்ளை பெற்ற வயிறு மாதிரி இருக்கிறது என்றாள் மனைவி.

விடியப் போகும் நேரம் ஆண் சிங்கம் உறுமியது. சினிமாவில் கேட்கிற ஒற்றைக் கர்ஜனை இல்லை அது. ஒரு நீண்ட முனகலில் ஆரம்பித்து, அடுத்தடுத்து இழுத்து இழுத்து, கடைசியில் மூச்சு வாங்குகிற மாதிரி குட்டைக் குட்டையாக முடிந்தது. காதில் விழுவதற்கு முன் நெஞ்சாங்கூட்டில் விழுந்தது. காட்டில் அந்தச் சத்தம் எட்டு கிலோமீட்டர்வரை போகுமாம். அது ஓய்ந்த இடைவெளியில், கேம்டன் பக்கம் ஒரு ஆம்புலன்ஸ் கத்திக்கொண்டு போனது.

மகள் என் கட்டிலுக்குத் தாவி வந்து ஒட்டிக்கொண்டாள். நான் பயப்படவில்லை என்று சொன்னேன். அந்த அரை வெளிச்சத்தில் எதிரே நாலாவது கட்டில் தெரிந்தது. விரிப்பு மடிப்புக் கலையவில்லை. தலையணை உப்பலாக இருந்தது. அம்மா அதில் உட்கார்ந்து, காலைத் தொங்கப்போட்டு, "யானை வந்தா சத்தமே இருக்காது கண்ணு, மூங்கில் ஒடியறதுதான் கேக்கும்" என்று மகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கவேண்டிய நேரம் அது. பயந்த பிள்ளைக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. செல்போனை எடுத்து அடுத்த உறுமலைப் பதிவு செய்யக் காத்திருந்தேன். அது வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சூடாகச் சாதம் போட்டார். மகள் மூச்சுவிடாமல் சொன்னாள்: சிங்கம், டார்ச், கிணறு, உறுமல். அப்புறம் அதையும் சொல்லிவிட்டாள்.

"பாட்டி, அங்க நாலு கட்டில் இருந்துச்சு. ஒண்ணு சும்மாவே கெடந்துச்சு."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்தேன். அம்மா ரசத்தைக் கலக்கி ஊற்றிக்கொண்டே, "சும்மா எங்க கெடக்கும் அம்மிணி, துணிப் பையெல்லாம் அதுல வெச்சிருப்பீங்க" என்றார்.

ஆமாம் பாட்டி என்று மகளும் சொல்லவில்லை, ஆமாம் அம்மா என்று நானும் சொல்லவில்லை. பேச்சு ரசத்துக்குப் போய்விட்டது.

செப்டம்பர் தொடக்கத்தில் அம்மா ஊருக்குத் திரும்பினார். அந்த மாதமே கிர் காட்டில் சிங்கங்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் நோய்க்கிருமி சில சிங்கங்களின் உடலில் இருந்ததாகப் பிறகு சொன்னார்கள். இருபதுக்கும் மேல் போயின. டார்ச் பையன் சொன்ன 'ஒரு நோய் போதும்' என்பதன் பொருள் எனக்கு அப்போதுதான் உறைத்தது. டிவியில் பார்த்துவிட்டு அம்மா ராத்திரியே போன் செய்தார். "அம்மிணி பாத்த சிங்கம் நல்லா இருக்குதா சாமி?" அது வேறு, இது வேறு என்று விளக்கினேன். "நல்லா இருந்தாச் சரி" என்றார். தன்னைக் கூட்டிப்போகாத இடத்துச் சிங்கத்துக்காக ஐஎஸ்டி போட்டுக் கவலைப்பட்டவர் அவர்.

கிர் சிங்கங்கள் அதற்கப்புறம் பெருகிவிட்டன. 2025 கணக்கெடுப்பில் 891. அம்மாவுக்கு இப்போது முட்டி நிஜமாகவே முடியவில்லை. விமானம் ஏறமாட்டேன் என்கிறார். நான் சொன்ன பொய் இத்தனை வருஷம் கழித்து உண்மையாகி, எனக்கு வசதியாக உட்கார்ந்திருக்கிறது.

அம்மா, இதை விரல் வைத்துப் படித்துக்கொண்டு வந்தால் இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உங்கள் முட்டிக்காக நான் உங்களை விட்டுப்போகவில்லை. உங்கள் சேலைக்கும், சத்தத்துக்கும், முன்பின் தெரியாதவரிடம் சாப்ட்டீங்களா என்று கேட்கிற வாய்க்கும் கூச்சப்பட்டு விட்டுப்போனேன். அந்தக் கட்டில் காலியாகத்தான் கிடந்தது. பைகளைத் தரையில்தான் வைத்திருந்தோம்.