குளிர்ந்த இன்ஜினின் சத்தம்

“ராத்திரி நிறுத்துன வண்டி நிறுத்துனபடியே இருக்கணும் சார். காலையில முதல் ஸ்டார்ட்டை நான்தான் அடிக்கணும். சூடான வண்டியை எங்கிட்ட காட்டாதீங்க.”

அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிய தெருவில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் போட்ட நிபந்தனை இது. என் அக்கா மகன் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். பழைய பி.எம்.டபிள்யூ 320டி ஒன்றின் மேல் அவனுக்கு மனம் போய்விட்டது. 2011 மாடல், டீசல், கறுப்பு. சிங்கிள் ஓனர், 78,000 கிலோமீட்டர், இன்சூரன்ஸ் கரண்ட் என்று புரோக்கர் சொல்லியிருந்தார். புதிதாக விற்றபோது 25 லட்சத்தைத் தாண்டிய கார். இப்போது கேட்ட விலை 5 லட்சம். ஒரு சின்ன மாருதி வாங்கும் பணத்தில் இது கிடைக்கிறதே என்ற கணக்கு எந்த இருபது வயதுப் பையனையும் இழுக்கும். அந்த ஆசையில் எனக்குக் குறை காண எதுவும் இல்லை. நல்ல காரை விரும்புவது நல்ல விஷயம்தான். ஆனால் அந்த 5 லட்சத்துக்கு என்ன கிடைக்கிறது என்பதைச் சொல்லத் தெரிந்தவர்கள் யார், அவர்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று பார்க்கத்தான் நானும் கூடப் போனேன்.

இந்தக் காருக்கும் சென்னைக்கும் உள்ள உறவு பலருக்குத் தெரியாது. சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்தில் மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் பி.எம்.டபிள்யூவின் தொழிற்சாலை 2007 மார்ச்சில் திறக்கப்பட்டது. 3 சீரிஸ் கார்கள் அங்கே நம்மூர்ப் பிள்ளைகள் கையால் பூட்டப்பட்டு வெளியே வந்தன. பூட்டியவர்களுக்குச் சீருடையும் பயிற்சியும் இருந்தன. பத்துப் பதினைந்து வருடம் கழித்து அதே வண்டியைப் பிரித்து உயிர் கொடுக்கிறவர்களிடம் இருப்பது தகரக் கூரையும், பழைய பனியன் துணியும், தலைமுறை தலைமுறையாகக் கைமாறிவந்த அனுபவமும்.

காலை ஆறரைக்குப் போரூர் தாண்டி புரோக்கரின் இடத்தில் நின்றோம். மெக்கானிக் முதலில் போனட்டைத் திறந்து இன்ஜின் மேல் உள்ளங்கையை வைத்தார். ஜில்லென்று குளிர்ந்திருந்தது. ஒரு நீள ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு, முனையை இன்ஜினின் பின்பக்கம், டேஷ்போர்டை ஒட்டிய இடத்தில் ஊன்றினார். ஸ்டார்ட் அடிக்கச் சொல்லித் தன் பட்டறை ஆளுக்குக் கண் காட்டினார். முதல் ஸ்டார்ட்டைத் தானே அடிப்பேன் என்று சொன்னவர், காது இன்ஜினில் இருக்க வேண்டும் என்பதால் சாவியை அந்த ஆளிடம் தந்திருந்தார்.

சில நொடிதான். மெல்லிய சலங்கை மாதிரி ஒன்று கலகலத்து அடங்கியது. எனக்கு அது வழக்கமான டீசல் சத்தம். அவருக்கு அது செயின்.

“என்47 இன்ஜின் சார். டைமிங் செயின் பொதுவா முன்னாடி இருக்கும், இதுல கியர்பாக்ஸ் பக்கம், பின்னாடி. தேஞ்சா ஆயில் ஏறுற வரைக்கும் இப்படிச் சத்தம் குடுக்கும். அஞ்சு நிமிஷம் ஓட்டிட்டுக் காட்டுனா ஒண்ணும் கேக்காது.”

2007 முதல் 2011 வரை வந்த அந்த இன்ஜின்களில் இந்தச் செயின் தேய்மானம் உலகம் முழுக்கத் தெரிந்த குறை. செயின் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே போய்விடும். அறுவதற்கு முன்பே மாற்றலாம். ஆனால் செயின் பின்னால் இருப்பதால் கியர்பாக்ஸையோ இன்ஜினையோ இறக்க வேண்டும். சாமான் விலை ஒரு பங்கு என்றால் இறக்கி ஏற்றும் கூலி அதற்குப் பல பங்கு. புரோக்கர்கள் வண்டியை எப்போதும் ஓடவிட்டு ஏசி போட்டுக் காட்டுவதன் காரணம் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

அடுத்தது ஸ்கேனர். அதைக் கையாள்பவர் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்த இளைஞர். பட்டறையில் இருப்பவர்களில் கல்லூரிப் படிப்பு படித்தவர் இவர் ஒருவர்தான், பெரியவர்கள் எல்லோரும் இவரை மரியாதையோடுதான் கூப்பிடுகிறார்கள். ஸ்டியரிங்கின் கீழே உள்ள சாக்கெட்டில் வயரைச் செருகி, லேப்டாப்பில் ஒவ்வொரு கட்டுப்பாட்டுப் பெட்டியாகத் திறந்தார். இந்தத் தலைமுறை பி.எம்.டபிள்யூவில் ஓடிய தூரம் மீட்டரில் மட்டும் பதிவாவதில்லை. சாவியை அடையாளம் காணும் பெட்டியிலும், சாவிக்குள்ளேயும்கூட அது எழுதப்படுகிறது. மீட்டரைத் திருத்துகிறவர்கள் எல்லா இடத்தையும் திருத்துவதில்லை. மீட்டரில் 78,000. உள்ளே 1,36,000.

புரோக்கர் தரையைப் பார்த்தார். மெக்கானிக் அவரிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. “கிலோமீட்டர் கட் பண்ணியிருக்கு தம்பி” என்று பையனிடம் மட்டும் சொல்லிவிட்டு, ஸ்டியரிங்கின் தோல் பளபளத்த இடத்தையும், பிரேக் பெடல் ரப்பரின் வரி அழிந்திருப்பதையும், டிரைவர் சீட்டின் கதவுப் பக்க மடிப்பு நைந்திருப்பதையும் காட்டினார். ஸ்கேனர் இல்லாமலே இதை அவர் முதலில் கண்டிருக்கிறார். நாங்கள் நம்ப வேண்டும் என்பதற்காகத்தான் லேப்டாப்.

வண்டியின் உடம்பைப் பார்க்க டிங்கர் பாய் வந்திருந்தார். அறுபதைத் தொட்ட வயது. பெயின்ட் கனம் அளக்கும் சின்னக் கருவி பட்டறையில் இருக்கிறது. கம்பெனி பெயின்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் சுமாரில் இருக்கும், மறுபடி அடித்தால் 200க்கு மேல் போகும், பட்டி பூசியிருந்தால் இன்னும் பல மடங்கு காட்டும். பாய் அதைத் தொடுவதில்லை. விரல் முட்டியால் கதவைத் தட்டிக்கொண்டே நடக்கிறார். தகரம் கணீரென்கிறது, பட்டி பூசிய இடம் மொத்தென்கிறது. பிறகு குனிந்து, போனட் கீலின் போல்ட் தலையில் ஸ்பானர் பட்ட வடு இருக்கிறதா, கதவு ரப்பரை உரித்தால் உள்ளே கம்பெனியின் வட்ட வட்டமான ஸ்பாட் வெல்டிங் வரிசையாக இருக்கிறதா என்று பார்க்கிறார். கையால் வைத்த வெல்டிங் அத்தனை சீராக வராது என்கிறார். கண்ணாடிகளின் மூலையில் அச்சிட்டிருக்கும் தயாரிப்புக் குறிகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். டயரின் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம்.

“அடிபட்ட வண்டி தப்பில்ல தம்பி. ரோட்டுல ஓடுனா அடிபடும். ஏப்ரனும் சேசிஸும் நேரா இருக்கா, அதான் கேள்வி.” இந்தக் காருக்கு வலது பின்பக்கம் மட்டும் பெயின்ட் அடித்திருந்தது, எலும்பு நேராக இருந்தது என்பது பாயின் தீர்ப்பு.

அந்த வண்டியை அங்கேயே விட்டுவிட்டுப் பட்டறைக்கு வந்தோம். அங்கே நான் பார்த்ததை எளிதில் மறக்க முடியாது. பழைய மெர்சிடிஸ் இ கிளாஸ் ஒன்று, சீட்டுகள் எல்லாம் கழற்றப்பட்டு, தரைவிரிப்பு உரிக்கப்பட்டு நின்றது. வாங்கியவர் வேலைக்குப் போன முதல் வருடத்திலிருக்கும் ஒரு இளைஞர். வாங்கிய சில வாரத்தில் ஒவ்வொரு எச்சரிக்கை விளக்காக எரியத் தொடங்கியிருக்கிறது. விரிப்பின் அடியில் இருந்த வயர்களின் பிளக்குகளை மெக்கானிக் கையில் எடுத்துக் காட்டினார். செம்பு பச்சை பூத்துப் பொடியாக உதிர்ந்தது. சீட் ஓடும் தண்டவாளத்தின் உள்ளே வண்டல்.

வெள்ளத்தில் கிடந்த கார். 2015 டிசம்பரில் சென்னையில் எத்தனை கார்கள் கூரை வரை மூழ்கின என்பதைக் கண்ணால் கண்டவர்கள் நாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடியும். முழுச் சேதம் என்று இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கொடுத்த கார்கள் ஏலத்தில் போகின்றன. உடைப்பதற்குப் போனால் சரி. சில கார்களைக் கழுவி, புது விரிப்பு போட்டு, வாசனை அடித்து மறுபடி விற்பனைக்கு நிறுத்துகிறார்கள். சொகுசு கார்களுக்கு வெள்ளம் மற்ற கார்களைவிடக் கொடிய எதிரி. கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் வயர்களும் விரிப்புக்கு அடியிலும் சீட்டுக்குக் கீழும் பரந்து கிடக்கின்றன. பல பி.எம்.டபிள்யூ கார்களில் பேட்டரியே டிக்கியின் மூலையில்தான். உள்ளே போன ஈரம் உடனே கொல்வதில்லை, ஒன்றிரண்டு வருடம் அரித்துத் தின்கிறது.

கண்டுபிடிக்கும் வழியைப் பாய் செய்தே காட்டினார். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுக்க வேண்டும். யாரும் கழுவாத அந்தக் கடைசி முழத்தில் தண்ணீர் நின்ற கோடு தெரியும். டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தையும், சீட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டையும் பார்க்க வேண்டும். கூரை வரை போன தண்ணீரின் தடத்தை அழித்துவிடலாம், பெல்ட்டின் முனை யாருக்கும் நினைவு வராது என்றார்.

அந்த மெர்சிடிஸை வாங்கியவர் முன்கூட்டி ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப்போகவில்லை. இந்தப் பட்டறையில் ஒரு வண்டியைப் பார்த்துச் சொல்ல 1,500 ரூபாய் வாங்குகிறார்கள். மூன்று பேர் அரை நாள் உழைப்பு அது. காருக்கு லட்சங்களைப் பேசுகிறவர்கள் இந்த 1,500 ரூபாயில் பேரம் பேசுகிறார்கள். “சும்மா பார்த்துச் சொல்றதுக்குக் காசா?” என்று கேட்டவர்களும் உண்டாம். இதைச் சொல்லும்போதும் மெக்கானிக்கின் குரலில் கசப்பு இல்லை. எனக்குத்தான் கோபம் வந்தது. பார்த்துச் சொல்வதுதான் இந்தத் தொழிலின் உச்சம். அம்பாசடரிலும் பத்மினியிலும் கை பழகி, மாருதி 800ல் ஊறி, பெரிய ஷோரூம் சர்வீஸில் சில வருடம் இருந்து, சொந்தக் காசில் ஸ்கேனர் வாங்கி அவர் சேர்த்த அறிவு அது. தொழிலில் கற்றதைச் சோதித்துச் சான்று தரும் அரசுத் திட்டம் இருக்கிறது. இந்தப் பட்டறையில் அப்படியொரு தாள் யாரிடமும் இல்லை.

பெயின்ட் அடிப்பவரின் நிலை இன்னும் மோசம். நிறம் கலப்பதில் அவர் நிபுணர். மெட்டாலிக் நிறத்தை வெயிலில் கொண்டுபோய் வைத்து, நேரே ஒரு தடவை, சாய்த்து ஒரு தடவை பார்த்துத்தான் ஒப்புக்கொள்கிறார். ஆனால் ஹார்டனர் கலந்த பெயின்டை முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிக்கிறார். அதில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவைக் கொண்டுவரும் என்பது மருத்துவத்தில் உறுதியான செய்தி. கைக்குட்டை அதைத் தடுக்காது. முதலாளியும் வாடிக்கையாளரும் சேர்ந்து நல்ல முகமூடி வாங்கித் தருவது ஒரு டயரின் விலைகூட ஆகாது.

பையன் சோர்ந்திருந்தான். செயினை மாற்றிக்கொண்டு அந்தக் காரையே வாங்கினால் என்ன, உதிரிபாகம் புதுப்பேட்டையில் மலிவாகக் கிடைக்குமே என்றான். மெக்கானிக் அவனைப் புதுப்பேட்டைக்கே அனுப்பினார். கூவத்தை ஒட்டிய அந்தத் தெருக்களில் ஒரு கடை முழுக்கக் கதவு, அடுத்த கடை முழுக்க ஹெட்லைட், அதற்கடுத்தது கியர்பாக்ஸ் மட்டும். உடைக்கிறவர்களின் வேகமும் நினைவும் வியக்க வைப்பவை. எந்த வருடத்து வண்டியின் எந்த முனை எதற்குப் பொருந்தும் என்பதைப் புத்தகம் பார்க்காமல் சொல்கிறார்கள். கண்ணாடி, கதவு, லைட் எல்லாம் அங்கே தைரியமாக வாங்கலாம். “செயின், பெல்ட், பிரேக் சாமான் எங்ககிட்ட வாங்காதீங்க தம்பி, புதுசா போடுங்க” என்று ஒரு கடைக்காரரே சொன்னார். தன் வியாபாரத்துக்கு எதிராகப் பேசிய அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

காகித விஷயங்களும் இருக்கின்றன. தனியார் காரின் பதிவு 15 வருடம். 2011 கார் என்றால் 2026ல் முடிகிறது. புதுப்பிக்க வண்டியைக் காட்டிச் சான்று பெற வேண்டும், 5,000 ரூபாய் மத்தியக் கட்டணம், அதற்குமேல் பசுமை வரி. 1500 சிசிக்கு மேற்பட்ட காருக்கு மூன்றாம் தரப்புக் காப்பீடு மட்டும் 2022 ஜூன் முதல் வருடத்துக்கு 7,897 ரூபாய். டெல்லியில் பத்து வருடம் தாண்டிய டீசல் கார்களுக்கு 2015ல் பசுமைத் தீர்ப்பாயம் தடை சொன்னது, 2018ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதனால் அங்கிருந்து சொகுசு டீசல் கார்கள் தெற்கே மலிவாக வரத் தொடங்கின. தடையில்லாச் சான்றும் தமிழ்நாட்டு வரியும் சேர்த்தால் அந்த மலிவு கரைந்துவிடும். பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடுவதும் கூடாது. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்துக்குப் பொறுப்பு என்று 2018ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. விற்கிறவரும் வாங்குகிறவரும் சேர்ந்து படிவம் 29, 30 கொடுத்து முடித்துவிட வேண்டும். வங்கிக் கடன் இருந்திருந்தால் படிவம் 35ம் தேவை.

கடைசியில் மெக்கானிக் காட்டியது 2012 ஹோண்டா அக்கார்ட், 2.4 லிட்டர் பெட்ரோல். டர்போ கிடையாது, ஏர் சஸ்பென்ஷன் கிடையாது. குளிர்ந்த இன்ஜினில் ஸ்க்ரூடிரைவரை ஊன்றிக் கேட்டார், முகம் மலர்ந்தது. பெல்ட்டின் கடைசி முழம் சுத்தம். இன்ஜின் மவுண்டிங் இரண்டு போயிருந்தது, ஸ்டியரிங் ரேக்கில் லேசாக ஆயில் கசிவு. “இது செலவு தம்பி. அது ஆபத்து. ரெண்டும் ஒண்ணு இல்ல” என்றார். சென்னை நெரிசலில் லிட்டருக்கு எட்டு ஒன்பதுதான் தரும் என்பதையும் மறைக்கவில்லை. வாங்கும் விலையில் மூன்றில் ஒரு பங்கை முதல் வருடத்துக்குக் கையில் வைத்திருக்க முடியாதவர் பெரிய காரைத் தொடக்கூடாது என்பது அவர் எல்லா மாணவர்களுக்கும் சொல்லும் விதி. அந்தக் கணக்குப்படி 3 லட்சத்துக்குள் முடித்தான். கல்லூரிக்கு மின்சார ரயில், ஞாயிற்றுக்கிழமைக்குக் கார் என்பது அவனே எடுத்த முடிவு.

கல்லூரியில் படித்துக்கொண்டே சொகுசு கார் வாங்க நினைக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் சொல்கிறேன்: டர்போ இல்லாத ஜப்பான் பெட்ரோல் காராகப் பாருங்கள், அக்கார்ட், கேம்ரி, ஆல்டிஸ் எதுவானாலும் சரி. முன்பணம் கொடுப்பதற்கு முந்தின நாளே ஒரு மெக்கானிக்கையும் ஒரு டிங்கரையும் பேசி வையுங்கள். அவர்கள் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் அந்தக் காரை விட்டுவிடுங்கள், கூலியை அப்போதும் கொடுங்கள்.