எச்சிலுக்குள் ஒரு காவல்

அம்மா எங்கே உட்கார்ந்தாலும் பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டில் இருக்கும். இட்லியைக்கூட ஒரு வாய் தண்ணீர் இல்லாமல் விழுங்க முடியாது. பேசிக்கொண்டே இருப்பார், திடீரென்று நாக்கு ஒட்டிக்கொள்ளும். கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்தல் வேறு. "வயசாகுதும்மா, தண்ணி நிறைய குடிங்க" என்று பல வருடம் சொல்லி அனுப்பினார்கள். கடைசியில் மூட்டுவலிக்குப் போன இடத்தில்தான் ரத்தம் பார்த்து, உள் உதட்டில் துளி சதை எடுத்துப் பார்த்து, நோயின் பெயரைச் சொன்னார்கள். ஷோக்ரன் நோய்.

ஹென்ரிக் ஷோக்ரன் ஸ்வீடன் நாட்டுக் கண் மருத்துவர். 1933-ல் 19 பெண்களைப் பற்றி எழுதிய ஆய்வேட்டில் இதை விவரித்தார். நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே உமிழ்நீர்ச் சுரப்பியையும் கண்ணீர்ச் சுரப்பியையும் தாக்குகிற நோய் இது.

நான் மைக்ரோபயாலஜி படிக்கிறவன். அம்மா கேட்டார்: "என் உடம்பு என்னையே ஏன்டா கடிக்குது?" இம்யூனாலஜியில் நல்ல மார்க் வாங்கியவனுக்குப் பதில் தெரியவில்லை. அன்று இரவு தேட ஆரம்பித்ததில்தான் இந்த விஷயம் கிடைத்தது.

நேச்சுரல் கில்லர் செல்கள், அதாவது இயற்கைக் கொல்லி செல்கள், 1975-ல் அறியப்பட்டவை. நம் செல்கள் பொதுவாக மேலே ஒரு அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு நிற்கும். வைரஸ் நுழைந்தால் அந்த அட்டையிலேயே வைரஸின் துண்டு தெரியும், டி செல்கள் பிடித்துவிடும். அதனால் சில வைரஸ்கள் அட்டையையே கழற்றிவிடும். கொல்லி செல் அங்கேதான் கில்லாடி. "அட்டை எங்கே?" என்று கேட்கும், இல்லையென்றால் அந்தச் செல்லின் சவ்வில் ஓட்டை போட்டுச் சாகடிக்கும். முன்பின் பழக்கம் தேவையில்லை.

இவை ரத்தத்தில் ரோந்து சுற்றுபவை என்றுதான் நான் படித்திருந்தேன். ஆனால் உமிழ்நீர்ச் சுரப்பியிலேயே குடியிருக்கும் ஒரு கூட்டமும் உண்டு. எலிகளில் நடந்த ஆய்வு ஒன்று 2011-ல் வெளிவந்தது. மண்ணீரலில் உள்ள கொல்லி செல்களைத் தூண்டினால் சீறுகின்றன. சுரப்பியில் உள்ளவையோ அதே தூண்டுதலுக்கு மந்தமாக இருக்கின்றன. சுரப்பியில் உள்ள டிஜிஎஃப் பீட்டா என்ற புரதம்தான் அங்கே இருக்கும் செல்களின் குணத்தை வடிவமைக்கிறது என்று 2016-ல் இன்னொரு எலி ஆய்வு காட்டியது.

காவல்காரன் சோம்பேறி என்றால் திருடனுக்குக் கொண்டாட்டம்தானே? ஆமாம். சைட்டோமெகலோ வைரஸுக்குப் பிடித்த இடமே உமிழ்நீர்ச் சுரப்பிதான். மற்ற உறுப்புகளில் அடங்கிய பிறகும் எலியின் சுரப்பியில் அது வாரக்கணக்கில் தங்குகிறது. எச்சில் வழியாக அடுத்தவரிடம் போகிறது. ஒரு காலத்தில் அதன் பெயரே உமிழ்நீர்ச் சுரப்பி வைரஸ்!

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது, இது என்ன காவல் என்று. பிறகு அம்மாவின் தண்ணீர் பாட்டில் கண்ணில் பட்டது. வைரஸ் இருந்தாலும் சுரப்பி எச்சிலைச் சுரந்துகொண்டிருக்கும். எதிர்ப்பு செல்கள் உள்ளே புகுந்து சண்டை போட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் நான் வீட்டில் தினமும் பார்க்கிறேனே. ஷோக்ரன் நோயில் சுரப்பிக்குள் கூட்டமாகப் புகுபவை பெரும்பாலும் டி, பி செல்கள்தான். ஆகவே கொல்லி செல்லைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. நான் சொல்ல வருவது ஒன்றுதான்: சுரப்பி மாதிரி நாசூக்கான இடத்தில் அடிக்கத் தெரிவதைவிட அடிக்காமல் இருக்கத் தெரிவது பெரிய வேலை.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அப்ப எனக்குள்ள இருக்கறதுக்கு அந்தப் பொறுமை இல்ல, அவ்வளவுதானே?" என்றார். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, "உன்னை மாதிரியேதான்" என்று சிரித்தார்.

அந்தப் பொறுமையைத் திருப்பிக் கற்றுத்தர வழி இருக்கிறதா என்று படிக்கத்தான் மேலே படிக்கலாம் என்றிருக்கிறேன்.