ஒன்றே முக்காலும் அரையும்

ஒன்றே முக்காலை அரையால் வகுத்தால் என்ன வரும்? வாசகர்கள் பயப்பட வேண்டாம், விடை மூன்றரை. லிப்பிங் மா என்ற சீன அம்மையார் 1999-ல் வெளியிட்ட புத்தகத்தில் இந்தக் கணக்கு வருகிறது. அமெரிக்க ஆசிரியர்கள் 23 பேர், சீன ஆசிரியர்கள் 72 பேர். விடை சொல்வதோடு, கணக்குக்குப் பொருத்தமாக ஒரு கதையும் சொல்ல வேண்டும். சீன ஆசிரியர் அத்தனை பேரும் விடை சொன்னார்கள். அமெரிக்கரில் 9 பேருக்குத்தான் சரியாக வந்தது. கதை சொல்லப்போன பலர் பண்டத்தை இரண்டு பேருக்குப் பங்கு போட்டுவிட்டார்கள். அது இரண்டால் வகுப்பதல்லவா? வேடிக்கை என்னவென்றால், கல்லூரிப் பட்டம் பெற்றவர்கள் அமெரிக்கர்களே!

எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர், "திருப்பிப் போட்டுப் பெருக்குடா" என்பார். ஏன் திருப்ப வேண்டும் என்று கேட்டால் பிரம்பு பதில் சொல்லும். அவரை நொந்து பயனில்லை. அவருக்கு மட்டும் யார் காரணம் சொல்லியிருக்கப் போகிறார்கள்?

ஒன்றே முக்கால் படி அரிசியை அரைப்படியால் அளந்தால் மூன்றரை தடவை வரும். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத என் பாட்டிக்கு இது தெரியும். ஆசிரியப் பயிற்சி என்றால் பெரிய கணக்குகளைப் படிப்பதென்று நினைக்கிறோம். குழந்தைக்குச் சொல்லப்போகும் சின்னக் கணக்கைக் காரணத்தோடு கற்றுக்கொள்வதல்லவா முதல் பயிற்சி?