மூன்று வரிகள்

அந்த மாற்றத்தில் மொத்தம் மூன்று வரிகள்தான். கழித்து வரும் நேரம் பூஜ்யத்துக்குக் கீழே போனால், அதைப் பூஜ்யம் என்று வைத்துக்கொள். டெஸ்ட் எல்லாம் பச்சை. இரவு எட்டரை மணி. "அண்ணா, பாத்துட்டீங்களா?" என்று எழுதியவன் இரண்டாவது தடவை கேட்டுவிட்டான். அப்ரூவ் பட்டனை அழுத்திவிட்டுச் சாப்பிடப் போனேன்.

நாங்கள் பராமரிப்பது மற்ற மென்பொருள்களின் வேகத்தைக் கண்காணிக்கும் ஒரு லைப்ரரி. ஒரு வேலை முடிந்த நேரத்திலிருந்து தொடங்கிய நேரத்தைக் கழித்தால், எத்தனை மில்லிசெகண்ட் ஆனது என்று தெரியும். அதில் எப்படி மைனஸ் வரும்? முடிவு எப்படித் தொடக்கத்துக்கு முந்தும்? ரிவ்யூவில் நான் கேட்டிருக்க வேண்டியது அது ஒன்றுதான்.

அடுத்த வாரம் சப்போர்ட் டீம் அக்கா வந்தார். "தம்பி, பில் போடுற பக்கம் ரொம்ப ஸ்லோன்னு காலைலேர்ந்து போன் வருது." திரையைத் திருப்பிக் காட்டினேன். சராசரிக் கோடு தரையோடு தரையாகப் படுத்திருந்தது. "எல்லாம் நல்லாத்தான் இருக்குக்கா. அவங்க நெட் பிரச்சினையா இருக்கும்." அவர் கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய்விட்டார். ஒன்பது நாள் அதே பதிலைச் சொன்னேன்.

பத்தாவது நாள், வேறு வழி தெரியாமல், அந்த மூன்று வரிகளையும் எடுத்துவிட்டு ஓட்டினேன். வரிசையாக மைனஸ். தொடக்கத்தை ஒரு சர்வரும் முடிவை இன்னொரு சர்வரும் குறித்துக்கொண்டிருந்தன. பில் பக்கத்து சர்வரின் கடிகாரம் நான்கு விநாடி பின்தங்கியிருந்தது. மூன்று விநாடி காத்திருந்தவருக்குக் கணக்கில் பூஜ்யம். ஆறு விநாடி காத்திருந்தவருக்கு இரண்டு. கடிகாரம் கெட்டிருக்கிறது என்று அந்த மைனஸ்தான் கத்திக்கொண்டிருந்தது. அதன் வாயைப் பொத்தத்தான் நான் அனுமதி கொடுத்திருக்கிறேன்.

பெரிய இடங்களிலும் இது நடந்திருக்கிறது. 2016 முடியும் நொடியில் உலக நேரத்தோடு ஒரு லீப் விநாடி சேர்ந்தபோது, கிளவுட்ஃப்ளேரின் டிஎன்எஸ் மென்பொருளில் ஒரு கழித்தல் மைனஸுக்குப் போய், சில சர்வர்கள் தடுமாறின. நேரம் பின்னால் போகாது என்று நம்பி எழுதிய நிரல். 2017இல் வந்த கோ 1.9, முன்னோக்கி மட்டுமே ஓடும் மோனோடோனிக் கடிகாரத்தை நேரக் கணக்குக்குள் கொண்டுவந்தது. ஆனால் ஒரு சர்வரின் அந்தக் கடிகாரத்தை இன்னொன்றோடு ஒப்பிட முடியாது. அதனால் ஒவ்வொரு சர்வரும் தன் பங்கு வேலையைத் தன் கடிகாரத்திலேயே அளக்கும்படி மாற்றினோம்.

"மைனஸ் வந்து கிராஃப் அசிங்கமா இருந்துச்சுண்ணா, அதான்..." என்றான் தம்பி. அவனை என்ன சொல்ல? பார்ப்பதற்கென்றே உட்கார்ந்திருந்தவன் நான்.

அக்காவிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். நோட்டைப் புரட்டிக்கொண்டே கேட்டார்: "இத்தனை பேர்கிட்ட 'உங்க நெட்டைப் பாருங்க'ன்னு சொல்லிட்டேனே தம்பி. இப்ப அவங்களுக்கு யாரு போன் போடுறது?"

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, நோட்டை என் பக்கம் திருப்பினேன்.