உறுதியில் எழுதப்படாதவை

கனடாவின் குடியுரிமையைப் பெற்றுக்கொண்ட யாழ்ப்பாணத்தவர் ஒருவர் தாம் பிறந்த ஊரிலேயே ஒரு வீட்டை விலைக்கு வாங்க முற்படுவாராயின், சட்டத்தின் கண்களுக்கு அவர் அந்நியரே. காணிப் பராதீனத்தை மட்டுப்படுத்தும் 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணியின் உரித்தை மாற்றுவதைத் தடைசெய்து, 99 ஆண்டுகளுக்கு மேற்படாத குத்தகைக்கு மட்டும் இடமளிக்கின்றது. உறவினர்வழி முதுசமாக வருவதும், தொடர்மாடியொன்றின் நான்காம் மாடியும் அதற்கு மேற்பட்டனவும் விதிவிலக்குகளுட் சில. (உரும்பிராய்ச் செம்மண்ணில் நான்காம் மாடியை எங்கே தேடுவது?) இழந்த இலங்கைக் குடியுரிமையை மீளப்பெற்று இரட்டைக் குடியுரிமையாளராகிவிட்டாலும் இத்தடை நீங்கும்.

இச்சட்டத்தை நான் வரிவரியாகப் படிக்க நேர்ந்தது ஆராய்ச்சி ஆர்வத்தினால் அன்று. என் தமக்கையின் கணவர் 1988 ஆம் ஆண்டிலே குடும்பத்தோடு ரொறன்ரோவுக்குப் பெயர்ந்தவர். அறுபத்தெட்டு வயதை எட்டியதும் அங்குள்ள வீட்டை விற்றுவிட்டு ஊரோடு வந்துவிடத் தீர்மானித்தார். உரும்பிராயில் நான்கு பரப்புக் காணியும் நாற்சார் வீடுமாக ஒன்று விலைக்கு வந்திருக்கின்றதென்று எவரோ அவருக்குப் படம் அனுப்பியிருந்தனர். அதனைப் பார்த்து, விலை பேசி, முற்பணம் கொடுக்கும் பொறுப்பு என்மீது விழுந்தது.

அவர் என்னிடம் கேட்டவை மூன்றே மூன்று. முற்றத்தில் நிற்பது கறுத்தக்கொழும்பான் மாமரந்தானா? விறாந்தைத் தூண்கள் பழையனவா? கோயில் மணியோசை வீட்டுக்குக் கேட்குமா? மூன்றுக்கும் விடை ஆம் என்பதே. அந்த அளவில் அவர் மனத்திலே வீடு வாங்கியாயிற்று.

இதே மனிதர் ரொறன்ரோவில் வீடு வாங்கிய வரலாற்றை நான் அறிவேன். எட்டு ஆண்டுகள் அவர் வாடகைக்கு எடுத்த நிலக்கீழ் அறைகளிலே காலங்கழித்தார். பிள்ளைகளின் பாடசாலை, பேருந்துத் தரிப்பிடம், பனிக்காலத்தில் வீட்டைச் சூடாக்க ஆகும் செலவு, பனி உருகும்போது நிலக்கீழ் அறையினுள் நீர் கசியுமா என்பது, அயலவர் எத்தகையோர் என்பது ஆகிய யாவற்றையும் குறிப்பேடொன்றில் எழுதிவைத்து ஒப்பிட்டார். கட்டடத்தைச் சோதித்து அறிக்கை தருபவருக்குப் பணம் கொடுத்து, அவ்வறிக்கையைக் காரணங்காட்டி இரண்டு வீடுகளைக் கைவிட்டுப் பின்னர் மூன்றாவதை வாங்கினார். மொழியும் காலநிலையும் புதிதான நாட்டிலே அவரிடம் இருந்த விழிப்பு, பிறந்த ஊரென்றவுடன் எங்கே போயிற்று?

எனக்குத் தோன்றும் விடை இது. அறியாத ஊரில் வீடு வாங்குகிறவன் தன் அறியாமையை அறிந்திருக்கின்றான்; ஆகையினாற் கேட்கின்றான். அறிந்த ஊரென்று எண்ணி வருகிறவனுக்கோ கேட்கவேண்டும் என்ற நினைவே எழுவதில்லை. அத்தான் அறிந்த ஊர் 1988 இன் ஊர். அதற்குப் பின் அவர் நான்கு முறை வந்தார். நான்கும் ஆடி, ஆவணி மாதங்களில். நல்லூர்க் கந்தனின் இருபத்தைந்து நாள் திருவிழாவை ஒட்டி. அப்போது பூட்டிய வீடுகள் திறக்கும்; உறவினர் ஒருவரையொருவர் விருந்துக்கு அழைப்பர்; இரவு பத்து மணிக்கும் வீதியிற் சனம் நிற்கும். திருவிழா முடிந்து இரண்டு கிழமைக்குப் பின் அதே ஒழுங்கை எப்படியிருக்குமென்று அவர் பார்த்ததில்லை. கார்த்திகை மழையையும் இத்தனை ஆண்டுகளில் ஒருமுறையேனும் கண்டாரல்லர். 2008 நவம்பரிலும் 2024 நவம்பரிலும் குடாநாட்டின் தாழ்ந்த பகுதிகளில் வீட்டுக்குள்ளே வெள்ளம் புகுந்து மக்கள் இடம்பெயர்ந்ததை அவர் செய்தியாகவே அறிவார்.

எனவே நான் மாமரத்தை விட்டுவிட்டுக் கிணற்றடிக்குச் சென்றேன்.

யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை வடகீழ்ப் பருவக்காற்றுத் தரும் மழையே பெரும்பாலும் எமக்குள்ள வரவு. அம்மழை நிலத்தடியிலுள்ள சுண்ணாம்புக்கற் பாறையின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தேங்கி, கடலடியிலிருந்து உட்புகும் உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதந்துகொண்டிருக்கின்றது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி உயரத்துக்கு நன்னீர் நிற்குமாயின், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது புவிச்சரிதவியலாளர் கூறும் கணக்கு. இதனை மறுதலையாகவும் படித்தல் வேண்டும்: மேலே ஓரடி நீரை அளவுமீறி இறைத்துத் தாழ்த்திவிட்டால், கீழேயுள்ள உவர்நீர் நாற்பது அடி மேலேற வழி பிறக்கின்றது. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதைச் சிறுவயதில் ஓர் அதிசயமாகக் கேட்டிருக்கின்றோம். அது குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றின் பொதுவிதியை ஒரே குழியிலே காட்டும் பாடம்.

துலாவால் அள்ளிய காலத்தில் மனிதனின் தோள்வலியே இறைப்புக்கு எல்லையாக இருந்தது. மின் பம்பிக்குத் தோள்நோவு இல்லை. நான் பார்த்த வீட்டுக்குத் தென்புறமும் மேற்புறமும் வெங்காயமும் மரக்கறியும் பயிராகும் தோட்டங்கள். தோட்டக்காரரை நான் குறைகூற வரவில்லை. அவர்கள் உழைப்பிலேதான் இந்த மண் இன்னும் பச்சையாக இருக்கின்றது. ஆயினும் அங்கு இடும் யூரியாவில் பயிர் உறிஞ்சாது விட்டது நைத்திரேற்றாக மழையோடு இறங்கிக் கிணற்றையே சேர்கின்றது. வெடிப்புகள் மலிந்த சுண்ணாம்புக்கல், மணலைப்போல நீரை வடிகட்டித் தருவதன்று. அயல்வீட்டு மலக்குழியிலிருந்து இவ்வீட்டுக் கிணற்றுக்கு உள்ள தூரத்தைக் காலடியால் அளந்தேன்; முப்பது அடிகூட வரவில்லை. முன்னர் அக்காணி ஒரே வளவு. சீதனத்துக்காகப் பிரித்தபோது வேலி மட்டுமே இடம்மாறியிருக்கின்றது. குழி அங்கேயே இருந்துவிட்டது.

நீரை ஒரு போத்தலில் எடுத்துச் சென்று சோதிப்பித்தேன். குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். இந்நீர் அவ்வரம்பைத் தாண்டியிருந்தது. வலிகாமத்துக் கிணறுகளில் இக்குறை உண்டென்பது 1980களிலேயே ஆய்வாளர் எழுதிய செய்தி. தொலைபேசியில் இதனைச் சொன்னபோது, கொதிக்கவைத்துக் குடித்தால் ஆயிற்று என்றார் அத்தான். கிருமியைக் கொதிநீர் கொல்லும். நைத்திரேற்றை அது நீக்காது. நீர் ஆவியாகக் குறையக் குறைய அதன் செறிவு கூடவே செய்யும். கைக்குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைக் காவும் ஆற்றலைக் குறைப்பதாலேயே அதற்கு வரம்பு வகுத்தனர். அத்தானின் இளைய மகளுக்குப் பிறந்து ஆறு மாதமான பிள்ளை உண்டு. பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வந்து முற்றத்தில் விளையாடுவர் என்பதே அவருடைய கனவின் பெரும்பகுதி.

சுன்னாகத்தில் மின்நிலையத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய்க் கழிவு கலந்தமையும், 2019 இல் உயர் நீதிமன்றம் நட்டஈடு வழங்கக் கட்டளையிட்டமையும் நாம் அறிந்தவை. உரும்பிராய் அங்கிருந்து அதிக தூரமன்று. தாளையடியிலே கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஆகஸ்ட்டில் திறக்கப்பட்டமை பெரிய ஆறுதல். ஆயினும் குழாய்நீர் அந்த ஒழுங்கைக்கு வந்துவிட்டதா என்று நேரே போய்ப் பார்க்கவேண்டியதாயிற்று. நான் பார்த்த அன்று வரவில்லை. அயலவர் குடிநீரை விலைகொடுத்து வாங்குகின்றனர்.

அந்த அயலவர் யார் என்பது அடுத்த கேள்வி. ஒழுங்கையிற் பன்னிரண்டு வாயில்கள். ஐந்திலே பூட்டு. எஞ்சியவற்றில் மூன்றில் முதியவர்கள் தனித்திருக்கின்றனர். அவர்களுடைய பிள்ளைகள் அத்தானின் பிள்ளைகளைப்போல வெளிநாடுகளில். நள்ளிரவில் நெஞ்சு நோவென்றால் வாகனம் ஓட்டக்கூடிய ஒருவர் எத்தனையாவது வீட்டில் இருக்கின்றார்? அத்தானுக்கு ஏற்கெனவே இருதய நோய் உண்டாதலால் இதனை நான் பட்டினியும் பஞ்சமும் போன்ற தூரத்து அச்சமாகக் கருதவில்லை. கிணற்றைக் கலக்கி இறைக்கவும், தேங்காய் பறிக்கவும், வேலி அடைக்கவும் ஆள் தேடுவது எவ்வளவு கடினமென்பதை அங்கிருந்த முதியவர் ஒருவரே விரிவாகச் சொன்னார்.

மின்சாரம் பற்றியும் பணம் பற்றியும் 2022 எமக்குக் கற்பித்ததை மீளச் சொல்லத் தேவையில்லை. அவ்வாண்டு மார்ச் இறுதியில் ஒரே நாளில் பதின்மூன்று மணிநேரம் இருளில் இருந்தோம். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற அமெரிக்க டொலர், மே மாதத்துக்குள் 350 ரூபாவைக் கடந்தது. டொலரோடு வருபவருக்கு இது இலாபம்போலத் தோன்றும். டொலரை ரூபாவாக்கி மண்ணிலே புதைத்தபின் மனம் மாறி விற்றுத் திரும்ப நினைப்பவருக்கு அதே கணக்கு எதிர்த்திசையில் ஓடும்.

கனடாப் பக்கத்துக் கணக்கும் ஒன்றுண்டு. பதினெட்டு வயதுக்குப் பின் இருபது ஆண்டுகள் அங்கு வாழ்ந்தவருக்கு முதியோர் ஓய்வூதியம் எந்த நாட்டிலிருந்தாலும் தொடர்ந்து கிடைக்கும். அதில் அவருக்கு இடரில்லை. ஆனால் ஒன்ராறியோ மாகாணத்தின் மருத்துவக் காப்புறுதி, எந்தப் பன்னிரண்டு மாத காலத்திலும் 153 நாட்களேனும் மாகாணத்தில் தங்கியிருப்பவருக்கே உரியது. இருதய நோயாளி ஒருவர் மாமர நிழலுக்காக எதனைக் கைவிடுகின்றார் என்பதை இவ்வெண் காட்டுகின்றது.

இவற்றை எல்லாம் நான் சொல்லச் சொல்ல அத்தானுக்குச் சினம் ஏறியது. "தம்பி, நான் பிறந்து வளர்ந்த ஊரை நீ எனக்கு விளங்கப்படுத்துறியோ?" என்றார். குடியுரிமைத் தடையைச் சொன்னபோது, அது ஒரு பொருட்டன்று, இப்போதைக்கு உறுதியை என் பெயரில் எழுதலாம் என்றார். அதற்கு நான் உடன்படவில்லை. எனக்கும் மனைவி மக்கள் உளர். நாளை நான் கண்மூடினால் அந்தக் காணி சட்டப்படி அவர்களுடையதாகும். உறவை நம்பி எழுதிய உறுதிகள் நீதிமன்றத்திற் பகையாக முடிவதற்கு எமது ஊர்களிலே சான்று தேடி அலையவேண்டியதில்லை. போதாததற்கு அந்த வீட்டின் பங்காளிகள் நால்வர். இருவர் நோர்வேயில், ஒருவர் அவுஸ்திரேலியாவில். தேசவழமையின்படி கூட்டுரிமையாளருக்கு வாங்குவதில் முன்னுரிமை உண்டாதலால் நால்வரின் இசைவும் வேண்டும்.

இத்தனைக்கும் இடையில் அக்காவின் கருத்தை எவரும் கேட்கவில்லை. ஒருநாள் இரவு, அங்கே பகல், அவராகவே தொலைபேசியில் அழைத்தார். அத்தான் நடைக்குப் போயிருந்தாராம். வீட்டின் தூண்களைப் பற்றி அக்கா ஒன்றும் கேட்கவில்லை. சமையலறைக்குள்ளே தண்ணீர் வருமா, குளியலறை வீட்டோடு சேர்ந்ததா, வெளியேயா என்று கேட்டார். பதினாறு வயதிலிருந்து கலியாணம் வரை நாளொன்றுக்கு எத்தனை வாளி அள்ளினார் என்பதை நான் கண்ணாற் கண்டவன். அந்த நாற்சார் வீட்டைப் பெருக்கித் துடைப்பது யாரென்றும் கேட்டார். பின்னர் சிறிது நேரம் பேசாதிருந்தார். "அவருக்கு ஊர் வேணும், தம்பி. எனக்கு அங்க ஆர் இருக்கினம்? என்ர பிள்ளையள் இஞ்சையெல்லோ" என்றார். ரொறன்ரோ வீட்டை விற்றுவிட்டால் இன்றைய விலையில் மறுபடி அங்கே ஒரு வீடு வாங்க இயலாது என்பதே அவருடைய அச்சத்தின் வேர். அது நியாயமான அச்சம் என்றே நான் கருதுகின்றேன்.

வாழிட நிலைமை என்றால் நீரும் மின்சாரமும் வைத்தியசாலையும் என்றே நான் அதுவரை எண்ணிக்கொண்டிருந்தேன். பகல் பதினொரு மணிக்கு ஒரு வீட்டிலே பேச்சுத்துணைக்கு யார் இருப்பர் என்பதும் அதில் அடங்கும். ஒரே கூரையின்கீழ் வாழும் இருவருக்கு ஒரே ஊர் இரண்டு ஊராக அமைதலும் கூடும்.

அக்கா பேசியதை அத்தானிடம் நான் சொல்லவில்லை. அது என் வேலையன்று. சொன்னது வேறு. ரொறன்ரோ வீட்டை விற்காமல் வாடகைக்கு விடுங்கள். கோண்டாவிலிலோ திருநெல்வேலியிலோ ஒரு வீட்டை ஓராண்டுக்கு வாடகைக்கு எடுங்கள். ஐப்பசியில் வாருங்கள், திருவிழாவுக்கு வரவேண்டாம். மழையையும், பங்குனி வெயிலையும், சோளகக் காற்றோடு வரும் புழுதியையும், விருந்தாளிகள் திரும்பிப்போன ஒழுங்கையையும் பார்த்தபின் உறுதியைப் பற்றிப் பேசுவோம். இரட்டைக் குடியுரிமை விண்ணப்பத்தையும் அதற்குள் போட்டுவிடலாம். எட்டு ஆண்டுகள் ரொறன்ரோவிற் காத்திருந்தவர் இங்கே ஓராண்டு காத்திருக்கலாகாதா என்று கேட்டபோது அவர் மறுமொழி சொல்லவில்லை. இரண்டு கிழமைக்குப் பின் வாடகை எவ்வளவு வரும் என்று அக்காவைக் கொண்டு கேட்பித்தார். முழுமனத்தோடு ஏற்றாரென்று நான் சொல்லமாட்டேன்.

உரும்பிராய் வீட்டுக்காரர் அதுவரை காத்திருக்கவில்லை. இலண்டனிலிருந்து ஒருவர் முற்பணம் அனுப்பிவிட்டதாகத் தரகர் சென்ற வாரம் சொன்னார். வாங்குபவர் நேரில் வந்து பார்க்கவில்லையாம். படங்கள் அவருக்குப் பிடித்திருந்தனவாம். நீர்ப் பரிசோதனை அறிக்கையின் பிரதியொன்றை அவருக்கு அனுப்பிவைக்கும்படி தரகரிடம் கொடுத்திருக்கின்றேன்.